தனித்த வீட்டின் தண்ணீர்

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் சமயம் பேசுவதுமே மரபாக இருந்துவரும் நம் நாட்டில், தொட்டியையும் குழாயையும் பாத்திரம் கழுவிய நீரையும் பற்றிப் பேசும்படி ஒருவனைப் பணித்த நிர்வாகிகளின் துணிவு பாராட்டத்தக்கது. விஷயம் சுவையற்றதாயிற்றே என்று சிலர் எண்ணலாம். ஆயினும், விடியற்காலையில் வாசல் தெளிப்பது முதல் இரவில் கைகால் கழுவிப் படுப்பது வரை, ஒரு குடும்பத்தின் ஆரோக்கியத்தையும் செலவையும் பெண்மக்களின் உடலுழைப்பையும் இவ்வளவு நேரிடையாக நிர்ணயிக்கும் விஷயம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கொங்கு நாட்டின் ஒரு பகுதியை, அதாவது காங்கயம், தாராபுரம், பல்லடம் முதலிய வட்டாரங்களை, மனத்தில் வைத்தே நான் பேசப்போகிறேன். ஆற்றங்கரையை ஒட்டித் தெருத்தெருவாக வீடுகள் நெருங்கி நிற்கும் தஞ்சைச் சீமையின் கிராமங்களைப் போலன்றி, இங்கே குடியானவர்களில் பலர் தத்தம் நிலத்தின் நடுவே, கிணற்றடியில் சாளை என்னும் தோட்டத்து வீடு அமைத்துக்கொண்டு, அண்டை வீட்டாரின் குரல் எட்டாத தூரத்தில் வாழ்ந்துவருவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். மேற்கு மலைத்தொடர் தென்மேற்குப் பருவக் காற்றின் ஈரத்தை மலையாளப் பக்கத்திலேயே வாங்கிக்கொண்டுவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் வழியாக நமக்குக் காற்று தாராளமாக வருகிறதே தவிர, மழை வருவதில்லை. ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவசர அவசரமாகப் பெய்து தீர்ந்துவிடுவது. ஊராட்சியின் குடிநீர்க் குழாய் ஊரின் எல்லையோடு நின்றுவிடும். மின்கம்பி எட்டாத தோட்டங்களும் உண்டு. எட்டியிருந்தும் வேண்டிய வேளையில் உயிரற்றுக் கிடக்கும் கம்பிகளும் உண்டு. இத்தகைய வீட்டுக்காரர் தமக்குத் தாமே குடிநீர் வாரியம். அதன் பொறியாளரும், பரிசோதகரும், பழுது பார்க்கும் ஆளும் அவரே, அல்லது அவருடைய மனைவியே.

இப்படிப்பட்ட வீடுகளில் தண்ணீர்க் கஷ்டம் என்று முறையிடப்படுவதில் பெரும்பங்கு தண்ணீர் இல்லாமையால் விளைவதன்று என்பதே என் அபிப்பிராயம். எல்லா வேலைகளுக்கும் ஒரே தண்ணீரைப் பயன்படுத்துவது என்பது பட்டணத்துப் பழக்கம். ஏரியும் சுத்திகரிப்பு நிலையமும் சம்பளம் வாங்கும் சிப்பந்திகளும் அப்பழக்கத்தை அங்கே தாங்கி நிற்கிறார்கள். அந்தத் தாங்குதல் ஏதுமில்லாத தோட்டத்தில் அதே பழக்கத்தைக் கைக்கொள்ளும்போது கஷ்டம் தொடங்குகிறது. நம் பாட்டிமார்களின் வீட்டில் தண்ணீருக்குத் தராதரம் இருந்தது. மணற்பரப்பின்மேல் மூடியிட்டு வைத்த மண்பானையின் நீர் குடிப்பதற்கு. பித்தளை அண்டாவின் நீர் உலை வைப்பதற்கு. முற்றத்துத் தொட்டியின் நீர் குளிப்பதற்கும் துலக்குவதற்கும். அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் மாட்டுக்கென்று வைத்த கழுநீர்த் தாழிக்கு. தொட்டியடியிலிருந்து ஓடிய நீர் வாழைக்கும் சேம்புக்கும். ஒன்றைக் கொண்டுபோய் இன்னொன்றில் ஊற்றினால் வீட்டில் வசவு விழும். பின்பு மாடியின்மேல் ஒரு கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி வந்தது. அதிலிருந்து ஒரே குழாய் கிளைவிட்டுச் சமையலறைக்கும் குளியலறைக்கும் கழிவறைக்கும் போயிற்று. குடிக்கத் தகுந்த நீரால் கழிவறையைக் கழுவுவதும், கழிவறைக்கே போதுமான நீரைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுப்பதும் ஒரே சமயத்தில் நிகழலாயின. சௌகரியம் பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. குடம் சுமந்த இடுப்புக்குத்தான் அதன் அருமை தெரியும். எனினும் அந்தத் தராதரத்தைத் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவராமல் தனித்த வீட்டின் கணக்கு ஒருபோதும் நேர்ப்படாது.

கணக்கு என்று சொன்னேன். அதைச் சற்று விரித்துப் பார்ப்போம். கிராமத்து மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் வேண்டும் என்பது இப்போது மத்திய அரசு தன் குடிநீர்த் திட்டத்துக்குக் கொண்டுள்ள அளவு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது 275 லிட்டர். இதைக் கேட்டதும், மழை நீரைச் சேமித்து வாழ்வதாவது என்று மலைத்துப்போகிறவர்கள் பலர். ஆனால் அந்த 55 லிட்டரில் வாய்க்குள் போவதும் உலையில் கொதிப்பதும் எவ்வளவு? தாராளமாக வைத்தாலும் 8 லிட்டர். மீதமுள்ள 47 லிட்டரும் உடலையும் துணியையும் பாத்திரத்தையும் தரையையும் தொட்டுவிட்டு வெளியே ஓடிப்போகும் நீர். ஆகவே மாசுமறுவற்ற நீர் என்று நாம் கவலைப்பட வேண்டியது ஐந்து பேருக்கு 40 லிட்டர். உறவினர் வந்தால் 50 லிட்டர். இவ்வளவுதான் விவகாரத்தின் கடினமான பகுதி. இதைத் தனியே பிரித்துக்கொண்டுவிட்டால், எஞ்சியதற்குக் கிணற்றில் கிடைப்பது சற்று உப்பாக இருந்தாலும், சற்றுக் கலங்கலாக இருந்தாலும், பெரிய தீங்கு நேர்ந்துவிடாது.

இனி வானத்திலிருந்து வருவதைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையின்மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய சூத்திரம் இது. கூரையின் சரிவை அளக்க வேண்டாம். நடுப்பகலில் அது தரையில் விழுத்தும் நிழலின் அளவே கணக்குக்குரியது. 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,075 சதுர அடி நிழல் விழும் ஓட்டுக் கூரையின்மேல் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் பெய்தால் 60,000 லிட்டர். ஓடு குடித்ததும், சிதறியதும், காற்றில் போனதுமாக ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் 48,000 லிட்டர் கைக்கு வரும். நம் குடும்பத்தின் குடிநீருக்கும் சமையலுக்கும் ஓர் ஆண்டுக்கு வேண்டியது, 40 லிட்டர் வீதம், 14,600 லிட்டர். வறண்ட சீமை என்று நாமே பழித்துக்கொள்ளும் இந்தப் பூமியில், வேண்டியதைப் போல் மூன்று மடங்கு நீர் நம் தலைக்கு மேலேயே விழுந்து, வாசலைச் சேறாக்கிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

அப்படியானால் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். எவ்வளவு மழை வருகிறதோ அவ்வளவுக்குத் தொட்டி என்று கணக்கிட்டு, செலவைக் கேட்டு அஞ்சி, காரியத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். தொட்டியின் அளவை நிர்ணயிப்பது மழை பெய்யும் நாட்கள் அல்ல, மழை பெய்யாத நாட்களே. தை பிறந்தபின் நம் பக்கத்தில் வானம் மூடிக்கொள்ளும்; சித்திரை, வைகாசியில் கோடை மழை ஒன்றிரண்டு வந்தால் நம் பாக்கியம்; அதுவும் பொய்த்துப்போன ஆண்டில், ஆவணி முடியும் வரை எட்டு மாதம், அதாவது 240 நாள், காத்திருக்க வேண்டும். 240 நாளுக்கு 40 லிட்டர் வீதம் 9,600 லிட்டர். எட்டடிக் குறுக்களவும் எட்டடி ஆழமும் உள்ள வட்டத் தொட்டி ஒன்று ஏறக்குறைய 11,400 லிட்டர் கொள்ளும். தேவைக்கு அது போதும். விருந்தினருக்கும் சிறிது மிஞ்சும். அதை நிரப்புவதற்கு ஐப்பசி, கார்த்திகை இரண்டிலுமாக 150 மில்லிமீட்டர் பெய்தாலே போதுமானது. இதற்கு மாறாக வீட்டின் முழுத் தேவைக்கும், 275 லிட்டர் வீதம், தொட்டி கட்ட முனைந்தால் 66,000 லிட்டருக்குக் கட்ட வேண்டும். கட்டினாலும் அதை நிரப்பக் கூரை போதாது. தராதரம் பார்ப்பவனுக்கு எட்டடித் தொட்டி. பாராதவனுக்கு எத்தனை அடித் தொட்டியும் பற்றாது.

அந்த எட்டடித் தொட்டியில் ஒரு விசேஷம் உண்டு. அதனுள் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஏறத்தாழ 47 லிட்டர். நம் குடும்பத்தின் ஒரு நாள் செலவும் கிட்டத்தட்ட அதுவேதான். ஆகையால் சென்டிமீட்டர்க் கோடிட்ட ஒரு மூங்கில் கழியைத் தொட்டியில் இறக்கிப் பார்த்தால், கழி எத்தனை கோடு நனைந்திருக்கிறதோ அத்தனை நாளுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று அறியலாம். மாசி முதல் தேதியில் 200 கோடு நனைய வேண்டிய கழி 170 கோடுதான் நனைகிறது என்றால், எங்கோ கசிகிறது, அல்லது யாரோ குடிநீரில் துணி துவைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்; வைகாசியில் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இந்தக் கழியை வீட்டு அம்மாளின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் பிரார்த்தனை. ஆழ்குழாய் எத்தனை அடி போடுவது என்று தீர்மானிப்பவர் ஒருவர், அந்தத் தண்ணீரைச் சுமப்பவர் மற்றொருவர் என்று இருக்கும் வீட்டில் சிக்கனம் தங்குவதில்லை.

தொட்டி வட்டமாக இருப்பது நன்று. சதுரத் தொட்டியின் மூலைகளில் நீரின் அழுத்தத்தால் உண்டாகும் இழுப்பு வந்து கூடி வெடிப்பு விடும். செங்கல்லால் கட்டலாம், கம்பி வலையின்மேல் சிமென்டுக் கலவையை ஓர் அங்குலக் கனத்துக்குப் பூசியும் செய்யலாம். தாய்லாந்துக் கிராமங்களில் 1980-களில் பெரிய சிமென்டு ஜாடிகள் இலட்சக்கணக்கில் செய்து வைக்கப்பட்டன. ஒரு ஜாடி பெரும்பாலும் 2,000 லிட்டர் கொள்வது. ஒரே முறையில் பெருந்தொகை செலவிட முடியாதவர்கள் ஆண்டுக்கு ஒரு ஜாடி என்று சேர்த்துக்கொண்டு போகலாம் அல்லவா? எதுவாயினும் வெளிச்சம் புகாத மூடி இருக்க வேண்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும், கொசு புகுந்தால் நோய் பிடிக்கும். டெங்கு பரப்பும் கொசு நல்ல நீரைத்தான் நாடி முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ போதும். நகரங்களில் மலேரியா பரப்பும் கொசுவும் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலுமே விருத்தியாவது. ஆகவே தொட்டியின் வழிவாய்க்கும் மூடிக்கும் மெல்லிய வலை கட்டுவதைச் சிறிய விஷயமாக நினைக்கக் கூடாது.

கூரைநீர் என்றால் காக்கை எச்சம் கலந்த நீராயிற்றே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான். கோடை முழுவதும் படிந்த புழுதியும் சருகும் எச்சமும் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மழையிலேயே பெரும்பாலும் கழுவப்பட்டுவிடுகின்றன. அந்த முதல் நீர், நாம் எடுத்துக்கொண்ட கூரைக்கு, 100 முதல் 200 லிட்டர். கூரை விளிம்பில் ஓடும் தகரக் கால்வாயின் நீர் தொட்டிக்குப் போவதற்கு முன்பு, 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் விழும்படி செய்து, பீப்பாய் நிரம்பியபின் வழிவதுதான் தொட்டிக்குச் செல்லும்படி குழாயை அமைத்துவிட்டால், அழுக்கு நீர் தானாகவே ஒதுங்கிவிடும். பீப்பாயின் அடியில் சொட்டுச் சொட்டாகக் கசியும் ஒரு திருகை வைத்தால், ஒரு நாளில் காலியாகி, அடுத்த மழைக்கு ஆயத்தமாக நிற்கும். இதற்கு மின்சாரமும் வேண்டாம், மழையில் நனைந்துகொண்டு குழாயைத் திருப்பிவிட ஓர் ஆளும் வேண்டாம். ஓலைக் கூரை இதற்கு உதவாது. நீர் நிறம் மாறி நாறும். கல்நார்த் தகடும் வேண்டாம்.

இது புதுமையான ஏற்பாடு என்று யாரும் நினைக்க வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளில் நான்கு பக்கத்துக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிய, மழை பெய்யும்போது முற்றத்தின் ஓரத்தில் அண்டாக்களை வரிசையாக வைத்து நீர் பிடித்த வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் தரையையே சரிவாகக் கெட்டித்து, நடுவில் மூடிய குண்டம் அமைத்து, ஓர் ஆண்டின் குடிநீரைக் காப்பார்கள். அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே, ஆறும் ஏரியும் இல்லாத பெர்முடாத் தீவில், சுண்ணாம்புக் கல்லைப் படிப்படியாக அடுக்கி வெள்ளையடித்த கூரைகளின் நீர் வீட்டுக்கு அடியிலுள்ள தொட்டியில் சேருகிறது. புது வீடு கட்டுகிறவர் அவ்வாறே கட்ட வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. நம் மாநிலத்திலும் 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அது பெரிய காரியந்தான். ஆனால் அதனால் பெரும்பாலும் ஏற்பட்டவை நீரை மண்ணுக்குள் இறக்கும் குழிகள். மண்ணுக்குள் இறக்கிய நீர் பொதுச் சொத்து; அது நம் கிணற்றுக்கும் வரும், அடுத்த தோட்டத்துக் கிணற்றுக்கும் போகும். அதைத் தர்மமாகச் செய்யுங்கள். தொட்டி நிரம்பி வழிவதை அவ்வாறே கிணற்றோரக் குழிக்கு விடுங்கள். குழந்தை குடிக்கும் நீரை மாத்திரம் அந்தத் தர்மக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

கிணற்றைப் பற்றி இனிப் பேசலாம். உடலுக்கும் பாத்திரத்துக்கும் வேண்டிய நீரைக் கொடுப்பது அதுவே. நம் மண்ணுக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. நீர் அதன் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. திறந்த கிணறு வற்றியதும் ஆழ்குழாய், அதுவும் வற்றியதும் இன்னும் ஆழமான குழாய் என்று ஆயிரம் அடி வரை இறங்கிவிட்டோம். ஆழத்தில் நீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடி, அதன் உப்புகளைக் கரைத்து வைத்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களில் ஆழ்குழாய் நீரிலுள்ள புளோரைடால் பற்கள் பழுப்பேறி, சிலருக்கு எலும்பே கெட்டிப்பட்டு வளைந்துபோன துயரத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இங்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காய்ச்சிய நீர் என்றால் எல்லாத் தோஷமும் நீங்கிய நீர் என்று நாம் நம்புகிறோம். கிருமிகளைப் பொறுத்தவரை அது மெய்யே. ஆனால் காய்ச்சுவதால் புளோரைடு போவதில்லை. நீர் ஆவியாகச் சுண்டும் அளவுக்கு அது அடர்ந்துவேறு விடுகிறது. கூரையில் விழும் மழைநீர் பாறையைத் தொட்டதில்லை. ஆகையால் இந்த நோய் வராமல் காப்பது அது. குடிநீருக்குக் கூரை, குளியலுக்குக் கிணறு என்று நான் பிரித்துச் சொல்வதற்கு இதுவே தலையாய காரணம்.

கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவருவதற்கு எருது பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டிய காலம் போய்விட்டது. கவலை ஓட்டும்போது பாடிய பாட்டை இனிக் கேட்கப்போவதில்லை என்று வருந்துகிறவர்களோடு நானும் வருந்துகிறேன், ஆனால் எருதுகள் வருந்தா. உறிஞ்சி எடுக்கும் பம்பு எதுவானாலும் 7 மீட்டருக்குக் கீழுள்ள நீரை எடுக்கத் திணறும். காற்றின் அழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரமே 10.3 மீட்டர்தான் என்பது பௌதிக நியதி. அதற்கும் ஆழமானால் பம்பே நீருக்குள் இறங்க வேண்டும். மின்சாரமே இல்லாத தோட்டத்துக்கு இன்றும் நம்பத்தக்க துணை, 1970-களில் நம் நாட்டிலேயே உருவாகி, யூனிசெப் ஸ்தாபனத்தின் உதவியோடு பரவிய இந்தியா மார்க் 2 என்ற கைப்பம்பு. அதில் ஒரு குறை இருந்தது: உள்ளே தோல் தேய்ந்தால் குழாய் முழுவதையும் வெளியே உருவ வேண்டும், அதற்குப் பல ஆட்களும் முக்காலியும் வேண்டும். 1983 முதல் நம் கோயமுத்தூர் வட்டாரத்திலேயே சில ஆண்டுகள் களச் சோதனை நடத்தி, குழாயை அசைக்காமல் உள்ளுறுப்பை மட்டும் மேலே இழுத்துப் பழுது பார்க்கும்படி திருத்தினார்கள். அதுவே மார்க் 3. உலகத்தின் பல தேசங்களில் புழங்கும் ஒரு சாதனத்தின் வரலாற்றில் நம் மண்ணுக்கும் இப்படி ஒரு பங்கு உண்டு என்பது நம் பாடப்புத்தகங்களில் இடம்பெறாதது விசித்திரம்.

சூரிய ஒளியால் ஓடும் பம்பு வாங்கச் சக்தியுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 1,000 லிட்டர் நீரை 30 மீட்டர் உயர்த்துவதற்குத் தத்துவப்படி வேண்டிய மின்சாரம் ஒரு யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பம்பின் நஷ்டங்களையெல்லாம் சேர்த்தாலும் கால் யூனிட்டுக்குள் அடங்கும். 300 வாட்டுத் தகடு ஒன்று நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் கொடுக்கும். ஆகவே வேண்டிய நீரைப் பகலிலேயே ஏற்றிவிடலாம், பாட்டரி வாங்க வேண்டாம். பாட்டரி சில ஆண்டுகளில் சாகும் பொருள். வெயிலுள்ளபோது பம்பு ஓடட்டும். உயரத்தில் வைத்த தொட்டி நிறையட்டும். இரவில் அந்த உயரமே நீரைக் கொண்டுவந்து கொடுக்கும். உயரமும் மிகுதியாக வேண்டியதில்லை. பத்தடி மேடை போதும், குழாயை மட்டும் அகலமாகப் போடுங்கள்.

குடிநீரின் சுத்தத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஜெர்மனி தேசத்தில் 1892-ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம். ஹாம்பர்க், ஆல்ட்டோனா என்ற இரு நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன; இரண்டும் எல்பே நதியின் நீரையே குடித்தன. ஹாம்பர்க் நதியின் மேற்பகுதியில் எடுத்த நீரை வடிகட்டாமல் விநியோகித்தது. ஆல்ட்டோனாவோ, ஹாம்பர்க்கின் கழிவும் கலந்துவந்த கீழ்ப்பகுதி நீரை எடுத்து, மணற்படுகையில் மெதுவாக வடித்துக் கொடுத்தது. அவ்வாண்டு காலரா வந்தபோது ஹாம்பர்க்கில் 8,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதே காற்றைச் சுவாசித்த ஆல்ட்டோனா பெரும்பாலும் தப்பியது. மணலுக்கு இந்த ஆற்றல் எப்படி வந்தது? மெதுவாக நீர் இறங்கும் மணலின் மேற்பரப்பில் சில வாரங்களில் ஒரு மெல்லிய வழுவழுப்பான படலம் படிகிறது. அதிலுள்ள நுண்ணுயிர்கள் நோய்க்கிருமிகளைப் பிடித்துத் தின்றுவிடுகின்றன. கண்ணுக்கு அழுக்காகத் தோன்றும் அந்தப் படலமே காவல். மணல் காயும்படி விட்டால் அந்தக் காவல் செத்துப்போகும். சுத்தம் செய்கிறேன் என்று மணலை முழுவதும் வாரிக் கழுவினாலும் அப்படியே. ஓட்டம் மந்தப்படும்போது மேற்புறத்தைச் சிறிதளவு சுரண்டினால் போதும். கனடாவில் டேவிட் மான்ஸ் என்ற பேராசிரியர் 1990-களில் இதையே வீட்டு அளவுக்குச் சுருக்கி, மணலுக்கு மேல் இரண்டு அங்குல நீர் எப்போதும் நிற்கும்படி ஒரு தொட்டியாக்கிக் கொடுத்தார். நம் கொத்தனார்கள் ஒரு பகலில் கட்டிவிடக்கூடிய வேலை அது.

வடித்த நீருக்கும், தொட்டியில் நிற்கும் நீருக்கும், பிளீச்சிங் பவுடரைக் கணக்காகப் போடலாம்: நல்ல பவுடராக இருந்தால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், போட்டு ஒரு மணி நேரமாவது கழித்தே குடிக்க வேண்டும். நம் எட்டடித் தொட்டி நிறைந்திருந்தால் ஏறக்குறைய 28 கிராம். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் கொட்டிவிட்டு, நாறுகிறது என்று குளோரினையே வைவது நம் வழக்கமாகிவிட்டது. கலங்கல் நீரில் பவுடர் பயன்படாது என்பதும், ஈரத்தில் திறந்து வைத்த பவுடர் வெறும் சுண்ணாம்பாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். இவ்வளவும் செய்தபின், பானைக்குள் கையும் சொம்புமாக விட்டு மொண்டால், செய்த காரியமெல்லாம் வீண். பானைக்கு அடியில் ஒரு குழாய் வையுங்கள். இல்லையேல் நீண்ட காம்புள்ள அகப்பை ஒன்றை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

பயன்பட்டு வெளியேறும் நீர் குறைந்தது நாளொன்றுக்கு 175 லிட்டர் இருக்கும். ஏழெட்டு வாழை தாராளமாக வளரும். வாழை, கல்வாழை, சேம்பு ஆகியவை இதற்குத் தகுந்தவை. பச்சையாகத் தின்னும் கீரைக்கு விட வேண்டாம். ஒரே பள்ளத்தில் நாள்தோறும் விட்டால் சவர்க்காரத்தின் உப்பு மண்ணை இறுக்கிவிடும். வாரத்துக்கு ஒரு திசையாக மாற்றி விடுங்கள். தொட்டியில் தேக்கி நாளைக்கு என்று வைக்கலாகாது. மறுநாளே நாற்றம் எடுக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள நீர் ஒரு சிறு ஜல்லிக் குழியில் தங்கி வடிந்து போகட்டும். கழுநீர் மாட்டுக்குப் போவது நின்றுபோன வீடுகள் அதிகமாகி வருகின்றன. மாடு இல்லாமல் தோட்டத்தில் குடியிருப்பவர்கள் தோன்றிவிட்ட காலம் இது.

கழிவறையைப் பற்றிச் சபையில் பேசக் கூசவேண்டியதில்லை. சங்கிலி இழுக்கும் பழைய பட்டணத்துக் கழிவறைகள் பலவற்றில் ஒரு முறைக்கு 10 லிட்டர் போகிறது. கையால் ஊற்றும் கழிவறைக்கு 2 லிட்டர் போதும். இரண்டு குழிகள் அமைத்து ஒன்று நிரம்பியதும் மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டால், மூடிய குழியிலுள்ளது ஒன்றிரண்டு ஆண்டில் மக்கி மண்ணாகிவிடும். கிணற்றுக்கும் அதற்கும் குறைந்தபட்சம் 50 அடி இடைவெளி இருக்க வேண்டும்; நிலம் சரியும் திசையில் கிணற்றுக்குக் கீழ்ப்புறமாகவும் இருக்க வேண்டும். நம் பாறை வெடிப்புள்ள பாறையாதலால் 50 அடியை மட்டும் நம்பிக் கிணற்று நீரைக் குடிப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அதனால்தான் மறுபடியும் மறுபடியும் கூரைக்கே வருகிறேன்.

காரியத்தில் இறங்குகிறவர்களுக்குக் காலம் முக்கியம். தொட்டியில் நீர் மிகவும் தாழ்ந்து நிற்பது ஆவணியில். அப்போதுதான் அடி வண்டலை வாரிக் கழுவ வேண்டும். கூரைக்கு மேல் கவிந்த வேப்பங்கிளையைப் புரட்டாசிக்குள் வெட்டிவிட வேண்டும். தகரக் கால்வாயில் சருகு இருக்கிறதா, பீப்பாயின் திருகு அடைத்திருக்கிறதா, வலையில் எலி கடித்த ஓட்டை இருக்கிறதா என்பவற்றை ஐப்பசி பிறக்குமுன் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். கையில் பணம் குறைவாக உள்ளவர்கள், முதல் ஆண்டில் கால்வாயும் பீப்பாயும், வீட்டிலுள்ள அண்டாக்களுமாகத் தொடங்கட்டும். அதில் ஒரு மாதக் குடிநீர் கிடைத்தாலும் ருசி தெரிந்துவிடும். இரண்டாம் ஆண்டில் எட்டடித் தொட்டி. மூன்றாம் ஆண்டில் பம்பும் மேடையும். ஆழ்குழாய் வண்டிக்காரருக்குச் சொல்லியனுப்புவதாக இருந்தால், அதன்பின் கழியை ஒருமுறை தொட்டியில் இறக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லியனுப்பலாம்.